அனந்தகிரியில் ஒரு சனி, ஞாயிறு

(நமது சங்கத்தின் பட்டான்செரு வட்டார அங்கத்தினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கத்தின் வருஷாந்திர பிக்னிக்கை இந்தத் தடவை விகாராபாத் அனந்தகிரி மலையில் வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. இரண்டு பஸ், ஒரு மைக் செட், சமையல்காரர், அண்டா குண்டா சகிதம் என்று திட்டம். காரியதரிசி என்னைப் பிடித்து, "நீங்கதான் போன மாசம் சிநேகிதாளோட போயிட்டு வந்தேளே, எப்படி இருக்குன்னு ஒரு பத்து நிமிஷம் சொல்லுங்கோ" என்றார். பத்து நிமிஷத்தில் முடியுமா என்று தெரியவில்லை. போய் வந்த கதையைச் சொல்கிறேன். அந்த இரண்டு பஸ்ஸைப் பற்றியும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன், இல்லாவிட்டால் நடுவிலேயே என்னை உட்கார வைத்துவிடுவார்கள். (சிரிப்பு)

நாங்கள் ஆறு பேர். நாலு பேர் வேலையில் இருந்த காலத்தில் ஒரே ஷிஃப்ட் பஸ்ஸில் போய் வந்தவர்கள். ஐந்தாவது, எங்கள் காலனி டாக்டர். வாழ்நாளெல்லாம் நெஞ்சு வியாதிக்காரர்களைப் பார்த்து ரிடையர் ஆனவர். ஆறாவது, என் எதிர் ஃப்ளாட் தெலுங்கு நண்பர். இவர் இல்லாவிட்டால் வழியில் டீக்கடையில் நாங்கள் பேசும் தெலுங்குக்கு என்ன கிடைத்திருக்குமோ! வாடகை வண்டி, டிரைவரோடு. கார்த்திகை மாதக் கடைசி. மாமிகள் வரவில்லை. ஆனால் புளியோதரை, தயிர் சாதம், மாவடு, பிளாஸ்க்கில் காபி எல்லாம் வந்தன. அதனால் ஆத்திலிருந்து போனது மாதிரியே இல்லை.

பட்டான்செருவிலிருந்து அனந்தகிரி எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர். சங்கர்பள்ளி, சேவெள்ளா, மன்னெகூடா, விகாராபாத் என்று போகலாம். திரும்பும்போது மோமின்பேட்டை, சதாசிவபேட்டை வழியாக நம் பெரிய ரோட்டைப் பிடித்துவிடலாம். நாங்கள் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டையும் பார்த்தோம். நிறுத்தி நிறுத்திப் போனால் ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம்.

நம் ஊரை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது துவரை. கார்த்திகை, மார்கழியில் காய் முற்றி, செடி காய்ந்து, வயலே பழுப்பாக நிற்கும். நடுநடுவே பருத்தி. நமக்குப் பக்கத்திலேயே 1972-லிருந்து இக்ரிசாட் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்யும் முக்கியப் பயிர்களில் ஒன்று இந்தத் துவரைதான். உலகின் பல தேசங்களிலிருந்து சேகரித்த விதைகளைக் குளிர்பதன அறையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நாம் அந்தக் காம்பவுண்ட் சுவரைத் தாண்டித் தினம் போகிறோம், சாயங்காலம் சாம்பார் சாப்பிடுகிறோம், இரண்டையும் சேர்த்து நினைப்பதில்லை. விகாராபாத்தைத் தாண்டினால் தாண்டூர். அந்த ஊர்த் துவரைக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெலுங்கு நண்பர் சிபாரிசில் ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கினோம். சீக்கிரம் வேகிறது, மணமாக இருக்கிறது என்று ஆத்தில் தீர்ப்பு. என் வார்த்தையை விட அந்தத் தீர்ப்புக்கு மதிப்பு அதிகம்.

சங்கர்பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு விஷயம் நடக்கிறது. எந்தப் பலகையும் அதைச் சொல்வதில்லை. நம் பட்டான்செருவில் பெய்கிற மழை நக்கவாகு ஓடையில் இறங்கி, மஞ்சீராவில் சேர்ந்து, கோதாவரிக்குப் போகிறது. சங்கர்பள்ளிப் பக்கம் பெய்கிற மழை மூசி நதியில் சேர்ந்து கிருஷ்ணைக்குப் போகிறது. ஆக அரைமணி நேரப் பயணத்தில் கோதாவரியின் தேசத்தை விட்டு கிருஷ்ணையின் தேசத்துக்குள் நுழைந்துவிடுகிறோம். இந்த ஊர் வாத்தியார்கள் சங்கல்பத்தில் கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் நடுவே என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முப்பத்தைந்து வருஷமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நடு எங்கே இருக்கிறது என்று இந்தத் தடவைதான் ஜன்னல் வழியாகத் தேடினேன். பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு சின்ன மேடு, ஒரு செங்கல் சூளை, நாலு எருமை.

சேவெள்ளாவில் பீஜப்பூர் ரோட்டில் ஏறுகிறோம். இங்கே ஆலமரங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹைதராபாத் அப்பா ஜங்ஷனிலிருந்து மன்னெகூடா வரை 46 கிலோமீட்டர். அதில் தொள்ளாயிரம் ஆலமரங்களுக்கு மேல் நிற்கின்றன. நிஜாம் காலத்தில் வழிப்போக்கர்களுக்கு நிழலுக்காக வைத்தவை. சேவெள்ளாவுக்கு மேற்கே சில இடங்களில் இரண்டு பக்கத்துக் கிளைகளும் மேலே கைகோத்துக்கொண்டு, ரோடு ஒரு மண்டபம் மாதிரி இருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றோம். வெயிலுக்கும் நிழலுக்கும் உடம்பில் வித்தியாசம் தெரிந்தது.

இந்த ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்று பல வருஷமாகத் திட்டம். மரங்களை வெட்டக்கூடாது என்று சிலர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. 2025 நவம்பர் 3-ம் தேதி காலையில் சேவெள்ளா பக்கத்தில் மிர்ஜாகூடாவில், தாண்டூரிலிருந்து வந்த அரசு பஸ் மீது ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி மோதியது. ஜல்லி பஸ்ஸுக்குள் சரிந்தது. குறைந்தது 19 பேர் இறந்தார்கள். காலேஜுக்குப் போகிற பெண் குழந்தைகளும் அதில் உண்டு. பேப்பரில் நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு ஜனங்கள் பேச்சு மாறிவிட்டது. மரமா, மனுஷா உயிரா என்று கேட்கிறார்கள். எங்கள் வண்டியிலேயே அந்த விவாதம் மன்னெகூடா வரைக்கும் நடந்தது. டிரைவர் பையன் ஒரே வார்த்தையில், "நீங்க நிழலுக்கு வர்றீங்க சார், நான் தினம் ஓட்டறேன்" என்றான். இதற்கு மேல் என்ன பேசுவது? ஆனாலும் என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். குண்டும் குழியுமான குறுகிய ரோட்டில், அத்தனை பாரம் ஏற்றிய லாரி அந்த வேகத்தில் வருவதற்கு ஆலமரம் ஜவாப்தாரி இல்லை. மரத்தை நடுவில் விட்டுவிட்டு ஒரு பக்கமாகப் புதுப் பாதை போட முடியும் என்று மரத்துக்காக வாதாடியவர்களே சொல்லி வந்தார்கள். அகலமான ரோடும் வேண்டும், மரமும் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. அந்த வேலை முடியும் வரையில், அந்த ரோட்டில் இருட்டின பிறகு நம் ஜனங்கள் பஸ்ஸில் வரக்கூடாது என்பது என் கட்சி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

விகாராபாத் ஊரைத் தாண்டி ஆறேழு கிலோமீட்டரில் மலை. மலை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று நினைத்துக்கொண்டு ஸ்வெட்டரோடு கிளம்பாதீர்கள். நம் பக்கத்துக்காரர்கள் கண்ணுக்கு இது ஒரு பெரிய மேடு. ஆனால் தக்காணத்தின் சமவெளியிலிருந்து வருகிறவனுக்கு மண் சட்டென்று செக்கச்செவேல் என்று மாறுவதும், காடு இரண்டு பக்கமும் மூடிக்கொள்வதும், காதில் இரைச்சல் குறைவதும் போதும். அந்தச் சிவப்பு மண்ணை நம் ஊரில் செம்புரைக்கல் என்போம். அது மழையைப் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாக விடுகிறது. மலையின் கிழக்கே மூசி பிறக்கிறது. மேற்கே காக்னா பிறந்து, பீமா நதி வழியாக, அதுவும் கிருஷ்ணைக்கே போகிறது.

அனந்தபத்மநாப ஸ்வாமி கோயிலுக்கு மேலிருந்து படி இறங்கிப் போகவேண்டும். திருவனந்தபுரத்து சயனக் கோலத்தை மனசில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். இங்கே மார்க்கண்டேயருக்கு சாளக்கிராம ரூபமாகக் காட்சி கொடுத்தார் என்பது ஐதீகம். சின்னக் கோயில், அமைதியான கோயில். நானூறு வருஷத்துக்கு முன் நிஜாம் நவாப் கட்டிக் கொடுத்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நிஜாம் வம்சம் ஆரம்பித்ததே 1724-ல். கணக்கு இடிக்கிறது. கட்டியது யாராக இருந்தாலும் க்ஷேமமாக இருக்கட்டும்.

கோயிலை விட எனக்கு மனசில் நின்றது நதியின் பேர். மூசியின் பழைய பேர் முசுகுந்தா. முசுகுந்தர் இந்த மலைக் குகையில் உறங்கிக்கொண்டிருந்தார், கிருஷ்ணனைத் துரத்தி வந்த காலயவனன் அவரை எழுப்பி, அவர் பார்வையில் பஸ்பமானான், பிறகு அவர் பகவானின் பாதத்தை அலம்பின ஜலமே நதியாயிற்று என்று இங்கே சொல்கிறார்கள். பாகவதத்தில் முசுகுந்தர் கதை இருக்கிறது. ஆனால் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு அவர் வேறு விதமாக சொந்தம். இந்திரனிடமிருந்து திருவாரூர் தியாகராஜரையும், மற்ற ஆறு விடங்கர்களையும் பூலோகத்துக்குக் கொண்டுவந்த முசுகுந்த சக்கரவர்த்தி, குரங்கு முகத்தோடு பிறந்தவர். இரண்டு முசுகுந்தரும் ஒருவரேதானா என்று பண்டிதர்கள் தீர்மானிக்கட்டும். எங்கள் கோஷ்டியில் திருவாரூர்க்காரர் ஒருவர் உண்டு. நாற்பது வருஷம் ஹைதராபாத்தில் மூசிப் பாலத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவர். "இது நம்ம ஊர் ராஜா பேரா!" என்று அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து ஒரு கடுவன் குரங்கு இறங்கி, புளியோதரைத் தூக்கைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. சக்கரவர்த்தியே நேரில் வந்து வாங்கிக்கொண்டார் என்று சமாதானம் ஆனோம். (சிரிப்பு) குரங்குகள் அங்கே ஏராளம். கையில் பொட்டலம் தெரியக்கூடாது.

மலை மேல் மரங்களுக்கு நடுவே நிஜாம் காலத்துக் காசநோய் ஆஸ்பத்திரி வளாகம் இருக்கிறது. சானடோரியம். நம் டாக்டர் இங்கேதான் வாயைத் திறந்தார். அதுவரை மாவடுவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்.

க்ஷயரோகத்துக்கு மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. நம் குடும்பங்களில் எத்தனை பேர் அதில் போயிருக்கிறார்கள் என்று பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். கேட்டாலும் பேரைச் சொல்லமாட்டார்கள், "உடம்பு இளைச்சுப் போயிட்டான்" என்பார்கள். அப்போது டாக்டர்கள் கொடுக்க முடிந்ததெல்லாம் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. அதற்காகத்தான் மலைகளிலும் காடுகளிலும் சானடோரியங்கள். மதனபள்ளி பக்கத்தில் ஆரோக்கியவரம் 1915-ல் வந்தது. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் ஆரம்பித்தார். தாம்பரம் சானடோரியம் என்று எலெக்ட்ரிக் ட்ரெயின் ஸ்டேஷன் பேராகச் சொல்லிச் சொல்லி, அது என்ன வார்த்தை என்பதையே மறந்துவிட்டோம். அனந்தகிரியும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான். இந்த மலைக்கு முதலில் வெளியூர் ஜனங்கள் வந்தது பிக்னிக்குக்கு இல்லை, மூச்சுக்கு.

பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, ஐசோனியாசிட் வந்தது. மருந்து இருக்கிறது, ஆனால் படுக்கை இல்லை. லட்சக்கணக்கான நோயாளிகளை எந்த மலையில் கொண்டுபோய் வைப்பது? 1956-ல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறு பாதி மெட்ராஸின் நெருக்கடியான வீடுகளில், கிடைத்த சாப்பாடு, வழக்கமான வேலை. மருந்து மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாக ஒட்டவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியானதற்கு அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். அந்த மையம் இன்று காசநோய் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இருக்கிறது. நம் டாக்டர் அங்கே பயிற்சி எடுத்தவர். "ஏழை மெட்ராஸ்காரா உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தா, மலை வேண்டாம், மாத்திரை போதும்னு" என்றார், அந்த மலையிலேயே நின்றுகொண்டு.

அந்த மாத்திரைக்கும் நம் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. உலகத்தின் மருந்துகளில் எவ்வளவோ நம் பட்டான்செரு, பொல்லாரம் பேட்டைகளில்தான் தயாராகின்றன. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தத் தொழிற்சாலைகளால். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் நக்கவாகு என்ன ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியும். 1990-லேயே சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்குப் போயிற்று. 2007-ல் ஸ்வீடன் தேச விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 90 மருந்து உற்பத்தியாளர்களின் கழிவுநீர் வந்து சேர்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், சுத்தம் செய்து வெளியே விட்ட தண்ணீரைச் சோதித்தார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின். அந்த மருந்தைச் சாப்பிடுகிற நோயாளியின் ரத்தத்தில் இருப்பதை விட அதிகம். இப்படித் தண்ணீரில் மருந்து கலந்தால் கிருமிகள் அந்த மருந்துக்கே பழகிப் போகும், பிறகு மாத்திரை வேலை செய்யாது என்று டாக்டர் விளக்கினார். காசநோயிலேயே மருந்துக்குக் கட்டுப்படாத வகை இப்போது உண்டாம், அது வேறு காரணத்தால் வந்தது என்றார். ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றிற்று. மலையைக் காலி செய்த மாத்திரையைத் தயாரித்த ஊர்க்காரர்கள் நாம். காற்று வேண்டும் என்று இப்போது மலைக்குப் போகிறோம். அங்கே போய் என்ன செய்கிறோம்?

என்ன செய்கிறோம் என்பதை அன்று ராத்திரியே கேட்டோம். தங்கிய இடத்துக்கு எதிர்ப் பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு ரிசார்ட். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தது பாட்டு. பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். படுக்கையில் படுத்தால் கட்டில் அதிர்ந்தது. பன்னிரண்டரை மணி வரைக்கும். காட்டில் ஒரு பட்சி சத்தம் இல்லை. அமைதியைத் தேடி நகரத்திலிருந்து எழுபது கிலோமீட்டர் வந்து, வந்த இடத்தில் நகரத்தை இறக்கி வைப்பது என்ன பழக்கமோ! மேனேஜரிடம் தெலுங்கு நண்பர் ஃபோனில் பேசிப் பார்த்தார். "வீக்எண்ட் சார், கஸ்டமர் காசு கொடுத்திருக்காங்க" என்று பதில். மலைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று நண்பர் கேட்டார். ஃபோன் கட் ஆகிவிட்டது.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து நடந்தோம். அப்போதுதான் நிஜமான அனந்தகிரி. பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. மயில் அகவுகிறது. காட்டுப் பாதையில் செம்மண் ஈரமாக, செருப்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு இடத்தில் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிகிறது. கை அகலம் கூட இல்லை. மழை நின்று இரண்டு மாதம் ஆகியும் நிற்கவில்லை. ஆறு கிழவர்களும் ஒன்றும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றோம். திருவாரூர்க்காரர் மட்டும் குனிந்து ஒரு கை ஜலம் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார்.

இப்படிப் பத்து நூறு கசிவுகள் சேர்ந்துதான் மூசி. அது 1908 செப்டம்பர் 28-ம் தேதி ஹைதராபாத்தை அடித்துக்கொண்டு போயிற்று. ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள் என்று சொல்வார்கள். இன்றைய உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்திலிருக்கும் புளியமரத்தில் ஏறி 150 பேர் பிழைத்தார்கள். அடுத்த வருஷம் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்து யோசனை கேட்டார்கள். அவர் சொன்ன வழியில் 1920-ல் உஸ்மான் சாகர், அதாவது நம் கண்டிப்பேட்டை, மூசியின் குறுக்கே வந்தது. 1927-ல் அதன் உபநதி ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் வந்தது. வெள்ளத்துக்குக் கட்டியது குடிதண்ணீருக்கும் ஆயிற்று. பல தலைமுறை நகரவாசிகள் குடித்தது அனந்தகிரி ஜலம். அந்த இரண்டு ஏரிகளையும் காப்பாற்ற 1996-ல் அரசாணை 111 என்று ஒன்று போட்டு 84 கிராமங்களில் கட்டிடங்களுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். 2022-ல் அதைத் தளர்த்த இன்னொரு ஆணை வந்தது. நிலத்தின் விலை ஏறினால் நதியின் விலை இறங்கும் போலிருக்கிறது.

மலைக்குப் பக்கத்திலேயே தாமகுண்டம் காடு. அங்கே 2,900 ஏக்கரில் கடற்படையின் ரேடியோ நிலையம் வருகிறது. 2024 அக்டோபர் 15-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்கும் விகாராபாத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப, மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை வேண்டும். அதற்குப் பெரிய ஏரியல், விஸ்தாரமான இடம் வேண்டும். நம் தேசத்தில் இப்படி முதல் நிலையம் திருநெல்வேலிச் சீமையில், விஜயநாராயணத்தில், 1990-லிருந்து இருக்கிறது. ஐ.என்.எஸ். கட்டபொம்மன். இது இரண்டாவது. தேசத்தின் பாதுகாப்புக்கு வேண்டியது என்று சொல்கிறபோது எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. காட்டை இழக்கிற கிராமத்தார், மூசி பிறக்கிற இடத்தில் இவ்வளவு மரமா என்று கேட்கிறபோதும் பதில் வரவில்லை. இரண்டையும் உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

இப்போது இரண்டு பஸ் விஷயம்.

கமிட்டியார் கோபித்துக்கொள்ளக் கூடாது. அனந்தகிரிக்கு நாம் போகவேண்டும், கட்டாயம் போகவேண்டும். ஆனால் நூறு பேர் ஒரே நாளில், மைக் செட்டோடு வேண்டாம். தம்போலாவும் மியூசிக்கல் சேரும் நம் காலனி கம்யூனிட்டி ஹாலிலேயே நன்றாக நடக்கும். அதற்காக அந்த மலைக்குப் போகவேண்டியதில்லை. அங்கே போய் நாமும் மைக்கில் பேர் கூப்பிட்டால், எதிர்ப் பள்ளத்தாக்கு ரிசார்ட்டுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? நம்முடையது பக்திப் பாட்டு என்பதாலா? மயிலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. (சிரிப்பு, கைதட்டல்)

என் யோசனை இதுதான். பன்னிரண்டு, பதினைந்து பேர் கொண்ட கோஷ்டியாக, மார்கழி தொடங்கி மாசி வரைக்கும், வாரம் ஒரு கோஷ்டி. சனிக்கிழமையைத் தவிர்த்து, முடிந்தால் வாரநாளில். நம்மில் ரிடையர் ஆனவர்களுக்கு என்ன, எல்லா நாளும் ஞாயிறுதான். பஸ்ஸே வேண்டாம். லிங்கம்பள்ளி ஸ்டேஷன் நமக்குப் பக்கம். அங்கிருந்து விகாராபாத் ஜங்ஷனுக்கு நேராக ரயில் இருக்கிறது. 1874-ல் போட்ட வாடி லைன்தான், சங்கர்பள்ளி வழியாகப் போகிறது. ஸ்டேஷனிலிருந்து மலைக்கு ஆட்டோ. சேவெள்ளா ரோட்டு பயமும் இல்லை, டிரைவர் தூங்கிவிடுவானோ என்கிற கவலையும் இல்லை. ஆலமரம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பகலில், காரில், தனியாகப் போய் வாருங்கள்.

முன்வரிசையில் மாமி ஒருவர் கேட்கிறார், "முட்டி வலிக்காரா எல்லாம் எப்படி வருவா?" என்று. நியாயமான கேள்வி. கோயிலுக்குப் படி உண்டு, அது கஷ்டம்தான். ஆனால் மேலே ரோட்டு ஓரத்திலிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு மடக்கு நாற்காலி போதும். எங்கள் ஆறு பேரில் ஒருவர் இரண்டு முட்டியும் மாற்றிக்கொண்டவர். நாங்கள் நடந்துவிட்டு வரும் வரையில் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்த மயில்களில் பாதியைக் கூட நாங்கள் பார்க்கவில்லை.

சாப்பாடு விஷயம். சமையல்காரர் வேண்டாம், கட்டுச்சாதம் போதும். தையல் இலை அல்லது ஆத்திலிருந்து தட்டு. பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் தட்டு கண்டிப்பாகக் கிடையாது. கோயில் படிக்குக் கீழே அவை மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. மழை வந்தால் அதெல்லாம் எங்கே போகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும், கண்டிப்பேட்டைக்கு. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்தப் பாறை இடுக்கு ஊற்றைக் காட்டுங்கள். வழி கேட்டால் நான் வந்து காட்டுகிறேன். சரியாகக் காலை ஏழு மணிக்கு முன்னால் போகவேண்டும், பிறகு செல்ஃபி கூட்டம் வந்துவிடும்.

முதல் கோஷ்டிக்குப் பேர் கொடுக்கிறவர்கள் இப்போதே காரியதரிசியிடம் கொடுக்கலாம். பதினைந்து பேருக்கு மேல் எழுதமாட்டார். புளியோதரை கொண்டுவருகிறவர்கள் மூடி இறுக்கமான தூக்காகக் கொண்டுவாருங்கள், அங்கே சக்கரவர்த்தி காத்துக்கொண்டிருக்கிறார்.